உறுதிமொழி எடுக்காத பேராசிரியர்

1798-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் வட இத்தாலியின் போலோன்யா நகரப் பேராசிரியர்கள் அனைவருக்கும் ஓர் ஆணை வந்தது. நெப்போலியனின் படைகள் அமைத்த சிசால்பைன் குடியரசுக்கு விசுவாசமாக இருப்பதாக ஒவ்வொருவரும் உறுதிமொழி எடுக்க வேண்டும். மறுப்பவர்கள் பதவியை இழப்பார்கள். பெரும்பாலோர் எடுத்தார்கள். அறுபது வயதான லூய்ஜி கால்வானி எடுக்கவில்லை. உடற்கூற்றியல், மகப்பேறு மருத்துவம் ஆகியவற்றைக் கற்பித்துவந்த அவருக்கு அந்த ஏப்ரல் மாதத்தோடு பதவியும் ஊதியமும் பறிபோயின. உயிருள்ள உடலில் மின்சாரம் இருக்கிறது என்று உலகுக்குச் சோதனை வழியாகக் காட்டிய மனிதர் அவர்.

பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு நரம்புகளைப் பற்றி எழுத என்ன தகுதி என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் கால்வானியிடம் வந்து சேர்ந்தது கெயின்ஸ் வழியாக. 1936-இல் வெளியான தமது புகழ்பெற்ற நூலில், முதலீட்டாளர்களைச் செயலுக்குத் தூண்டுவது கணக்கு மட்டுமல்ல, அனிமல் ஸ்பிரிட்ஸ் என்னும் ஒருவித உள்ளூக்கமும்கூட என்று கெயின்ஸ் வாதிட்டார். அந்தத் தொடரை விலங்குணர்ச்சி என்று மொழிபெயர்த்து ஆண்டுக்கணக்கில் வகுப்பெடுப்பவர்கள் உண்டு. ஆனால், அதில் விலங்குக்கு இடமில்லை. உயிர், ஆன்மா என்று பொருள்படும் அனிமா என்ற லத்தீன் சொல்லே அதன் வேர். இரண்டாம் நூற்றாண்டின் கேலன் முதல் பதினேழாம் நூற்றாண்டின் டெக்கார்ட் வரை ஐரோப்பிய அறிஞர்கள், மூளையில் உருவாகும் நுண்ணிய ஆவி ஒன்று குழாய் போன்ற நரம்புகள் வழியே ஓடித் தசைகளை அசைக்கிறது என்று நம்பினார்கள். அந்த ஆவிக்கு அவர்கள் இட்ட பெயரைத்தான் கெயின்ஸ் எடுத்தாண்டார். அந்த ஆவியை அறிவியலிலிருந்து வெளியேற்றியது யார் என்று தேடியபோது கிடைத்த பெயர், கால்வானி.

அவர் 1737 செப்டம்பர் 9 அன்று போலோன்யாவில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தார். போலோன்யா அப்போது போப்பாண்டவரின் ஆட்சிக்கு உட்பட்ட நகரம். ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகத்தின் ஊர். இளமையில் துறவு மடத்தில் சேர விரும்பிய அவரைக் குடும்பத்தார் தடுத்து மருத்துவம் படிக்க வைத்தார்கள். 1759-இல் பட்டம் பெற்றார். தம் ஆசிரியர்களுள் ஒருவரான உடற்கூற்றியல் பேராசிரியர் கலியாட்ஸியின் மகள் லூசியாவை மணந்தார். லூசியா படித்தவர், கணவரின் ஆய்வுகளில் உடனிருந்து உதவியவர். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. கால்வானி எலும்புகளைப் பற்றி எழுதினார். பறவைகளின் சிறுநீரகத்தையும் செவியையும் ஆராய்ந்தார். நோயாளிகளைப் பார்த்தார். அமைதியான, வெளியூர்ப் புகழை நாடாத வாழ்க்கை அது.

அந்தக் காலத்து மருத்துவர்கள் முன்னிருந்த சிக்கலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நரம்பை வெட்டிப் பார்த்தால் அது குழாயாக இல்லை. அழுத்தினால் ஆவியோ திரவமோ பீய்ச்சி அடிப்பதில்லை. எனவே, பழைய கொள்கை ஆட்டம் கண்டிருந்தது. மின்சாரம்தான் நரம்பில் ஓடுகிறதோ என்ற ஊகம் சிலருக்கு எழுந்தது. ஆனால், அன்றைய உடலியலின் பேரறிஞரான ஹாலர் அதை ஏற்கவில்லை. அவர் தரப்பின் மறுப்புகள் இன்று படித்தாலும் வலுவானவை. உடல் முழுவதும் ஈரம். ஈரம் மின்சாரத்தைக் கடத்தும். அப்படியிருக்க, ஒரு நரம்பில் புறப்பட்ட மின்சாரம் அக்கம்பக்கம் சிதறாமல் ஒரே தசைக்குப் போய்ச் சேர்வது எப்படி? நரம்பை ஒரு நூலால் இறுக்கிக் கட்டினால் தசை அசைவதில்லை. மின்சாரத்தையோ அப்படி நூலால் நிறுத்த முடியாது. இந்த இரண்டு கேள்விகளுக்கும் முழு விடை கிடைக்க ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று.

கால்வானி 1780 வாக்கில் தவளைக் கால்களோடு ஆய்வைத் தொடங்கினார். நோயுற்ற மனைவிக்குச் சூப் வைக்க உரித்த தவளை தற்செயலாகத் துடித்தது என்றொரு கதை பல நூல்களில் உலவுகிறது. கதை சுவையானதுதான், நம்புவதற்கில்லை. சோதனைக்கென்றே பக்குவப்படுத்திய தவளையும் மின்பொறி உண்டாக்கும் இயந்திரமும் அவர் அறையில் திட்டமிட்டு வைக்கப்பட்டிருந்தன என்பதை அவரது நாட்குறிப்புகள் காட்டுகின்றன. 1781 ஜனவரியில் ஒரு நாள், உதவியாளர் ஒருவர் கத்தி முனையால் தவளையின் கால் நரம்பைத் தொட்ட அதே கணத்தில், சற்றுத் தள்ளியிருந்த இயந்திரத்திலிருந்து ஒரு பொறி பறந்தது. இயந்திரத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத கால் உதறித் துடித்தது. மற்றவர்கள் வியந்துவிட்டு நகர்ந்திருப்பார்கள். கால்வானி ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அதை விடவில்லை.

இடிமழை நாளில் வீட்டின் மேலிருந்து கம்பி இழுத்து, மின்னல் வெட்டும்போது தவளைக் கால்கள் துடிப்பதைக் கண்டார். பிறகு, 1786-இல், பித்தளைக் கொக்கியில் மாட்டிய கால்களை இரும்புக் கிராதியில் தொங்கவிட்டார். வானம் தெளிவாக இருந்த நாளிலும், கொக்கியை இரும்பின்மீது அழுத்தியபோது கால்கள் துடித்தன. மின்னலும் இல்லை, இயந்திரமும் இல்லை. அப்படியானால், மின்சாரம் தவளைக்குள்ளேயே இருக்கிறது. உலோகம் அதற்கு வழி திறந்துவிடுகிறது, அவ்வளவே என்று முடிவு கட்டினார். தசை இழையின் உட்புறமும் வெளிப்புறமும் எதிரெதிர் மின்னூட்டம் கொண்டவை. லெய்டன் ஜாடி என்னும் அக்கால மின்சேமிப்புக் குடுவையைப் போன்றவை. நரம்பின் மேலுள்ள எண்ணெய்ப் பசையுள்ள உறை மின்சாரம் சிதறாமல் காக்கிறது என்று அவர் எண்ணினார். இந்தப் பத்தாண்டுக் காலத்தின் நடுவே, 1788-இல், லூசியா இறந்துபோனார். ஆய்வு முடிவுகள் 1791-இல் போலோன்யா அறிவியல் கழகத்தின் தொகுதியில் லத்தீனில் வெளிவந்தபோது, அதைப் படிக்க அவர் இல்லை.

நூல் ஐரோப்பாவெங்கும் பரபரப்பை உண்டாக்கியது. தவளைகளுக்குத்தான் கெட்ட காலம். பாவியா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அலெசாந்திரோ வோல்டா சோதனைகளைத் தாமே செய்து பார்த்து முதலில் பாராட்டினார். பின்னர் ஐயுற்றார். இரண்டு வேறு உலோகங்கள் சேரும்போதுதான் கால் நன்றாகத் துடிக்கிறது; ஆகவே மின்சாரம் பிறப்பது உலோகங்களின் சேர்க்கையில்; தவளைக் கால் அதை உணர்த்தும் கருவி மட்டுமே என்றார். நேர்மையான, கூர்மையான மறுப்பு அது. பித்தளைக் கொக்கியையும் இரும்புக் கிராதியையும் பொறுத்தவரை சரியான மறுப்பும்கூட.

இதற்குக் கால்வானி தந்த விடையை அவருடைய வாழ்க்கையின் உச்சம் என்பேன். 1794-இல் பெயர் போடாமல் வெளியிட்ட சிறுநூலில், உலோகமே இல்லாத சோதனையை விவரித்தார். வெட்டிய நரம்பின் முனையைத் தசையின்மீது நேராகப் படியவைத்தார், கால் துடித்தது. அடுத்த ஆண்டு ஏட்ரியாட்டிக் கடற்கரைக்குச் சென்று, தொட்டவரை மரத்துப்போகச் செய்யும் மின்திருக்கை மீனை ஆராய்ந்தார். 1797-இல், அறிஞர் ஸ்பல்லான்சானிக்கு எழுதிய ஆய்வுரைகளில் இன்னும் நுட்பமான ஒன்றைச் சொன்னார்: ஒரு காலின் நரம்பை மற்றொரு காலின் நரம்போடு மட்டும் தொடவைத்தாலே துடிப்பு உண்டாகிறது. நரம்பும் நரம்பும் தவிர வேறு பொருள் எதுவும் அங்கே இல்லை. உலோகத்தைக் குற்றம் சொல்ல இனி வழியில்லை. ஆனால் அன்று இதைக் கவனித்தவர்கள் சிலரே. ஜெர்மானியரான இளம் ஹம்போல்ட் அவர்களுள் ஒருவர். இரு தரப்பிலும் உண்மை உண்டு என்று தம் சோதனைகளின் வழியே அவர் கண்டார்.

இருவரும் எங்கே சரி, எங்கே தவறு என்பதை நியாயமாகப் பார்க்க, கதையை ஒன்றரை நூற்றாண்டு முன்னே ஓட்டியாக வேண்டும். 1840-களில் பெர்லினின் து பாய்ஸ்-ரேமோன் நரம்பில் மின் மாற்றம் நிகழ்வதைக் கருவிகொண்டு அளந்தார். 1850-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பில் செய்தி செல்லும் வேகத்தைக் கணக்கிட்டார்: வினாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். கம்பியில் ஓடும் மின்சாரத்தோடு ஒப்பிட இது ஆமை வேகம். இந்த எண்ணோடு எனக்குச் சொந்தப் பழக்கம் உண்டு. நீரிழிவுக்காரனான நான் பாதம் மரத்துப்போகிறது என்று போனபோது, மருத்துவர் என் கால் நரம்பில் சிறு மின்னதிர்வு கொடுத்து வேகத்தை அளந்தார். கால் தானாக உதறியது, அச்சாக அந்தத் தவளையைப் போல. நலமான காலில் வினாடிக்கு நாற்பது மீட்டருக்குக் குறையக் கூடாதாம். என் கணக்கு அதற்குச் சற்றுக் கீழே இருந்தது.

இந்த மந்த வேகத்தில்தான் ஹாலர் தரப்பின் மறுப்புக்கு விடை ஒளிந்திருந்தது. நரம்பில் மின்சாரம் கம்பியில் ஓடுவதுபோல் ஓடுவதில்லை. சரவெடியை நினைத்துக்கொள்ளலாம். முதல் வெடியின் தீ கடைசிவரை பயணம் செய்வதில்லை. ஒவ்வொரு வெடியும் தன்னிடமுள்ள மருந்தால் வெடித்து அடுத்ததைப் பற்றவைக்கிறது. அதனால்தான் நீளமான சரத்திலும் கடைசி வெடியின் ஓசை குறைவதில்லை. இடையில் ஓரிடத்தில் நசுக்கிவிட்டால் அதோடு நின்றுபோகிறது. நூலால் கட்டிய நரம்பும் அப்படித்தான். நரம்புக்கு உள்ள வசதி, வெடித்த இடம் சில ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் மீண்டும் வெடிக்கத் தயாராகிவிடுகிறது என்பதே.

அந்த மருந்து என்ன என்பதை 1939-க்கும் 1952-க்கும் இடையே ஆங்கிலேயர்களான ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கண்டறிந்தார்கள். அவர்களுக்குத் தவளை போதவில்லை; பிளிமத் கடலோர ஆய்வகத்தில் கணவாய் மீனைப் பிடித்தார்கள். கணவாயின் உடலில் அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை தடிமன் கொண்ட நரம்பிழை ஒன்று உண்டு. அதற்குள்ளேயே மின்முனையைச் செருக முடிந்தது. ஓய்வில் இருக்கும் நரம்பு அணுவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் குறைவான மின்னழுத்தம் கொண்டது; டார்ச் விளக்கு செல்லில் இருபதில் ஒரு பங்கு. செய்தி கடக்கும் கணத்தில் அது தலைகீழாகி, உட்புறம் நேர் மின்னழுத்தம் பெறுகிறது. முதல் முடிவுகள் வந்த சில வாரங்களில் உலகப் போர் மூண்டது. ஹாட்ஜ்கின் ராடார் பணிக்குப் போனார். ஆய்வு ஏழு ஆண்டுகள் காத்திருந்தது. போருக்குப்பின் தேவையான கணக்குகளை ஹக்ஸ்லி கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தில் நாள்கணக்கில் போட்டு முடித்தார். 1963-இல் இருவருக்கும், எக்கல்ஸ் என்ற ஆஸ்திரேலியரோடு சேர்த்து, நோபல் பரிசு கிடைத்தது.

அவர்கள் கண்டது இதுதான். அணுவுக்கு உள்ளே பொட்டாசியம் மிகுதி. வெளியே, சமையல் உப்பில் உள்ள அதே சோடியம் மிகுதி. இடையே சில நானோமீட்டர் தடிமனே உள்ள கொழுப்புச் சவ்வு. தூண்டுதல் வந்தால் சவ்விலுள்ள சோடியக் கதவுகள் சட்டென்று திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய, உட்புறம் நேர் மின்னூட்டம் பெறுகிறது. அந்த மாற்றமே பக்கத்துக் கதவுகளைத் திறக்கிறது. உடனே சோடியக் கதவுகள் அடைபட, பொட்டாசியம் வெளியேற, பழைய நிலை திரும்புகிறது. பல் மருத்துவர் போடும் மரத்துப்போகும் ஊசி இந்தச் சோடியக் கதவுகளைத்தான் அடைக்கிறது. உள்ளே வந்த சோடியத்தை வெளியேற்றவும் போன பொட்டாசியத்தை மீட்கவும் சவ்வில் இடைவிடாத இறைப்பு நடக்கிறது: மூன்று சோடியம் வெளியே, இரண்டு பொட்டாசியம் உள்ளே. எடையில் உடலின் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள மூளை, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை விழுங்குவதற்கு இந்த இறைப்பு ஒரு முக்கியக் காரணம். மூலதனத் தேய்மானத்தை ஈடுசெய்யவே வருமானத்தின் பெரும்பகுதி போய்விடும் தொழிற்சாலைகளை நாங்கள் பாடத்தில் வைத்திருக்கிறோம். மூளை அந்த வகை.

70 மில்லிவோல்ட் அற்பமாகத் தோன்றலாம். ஆனால், சவ்வின் தடிமனை எண்ணிப் பார்த்தால், மீட்டருக்கு ஒரு கோடி வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்புலம் அதற்குள் நிற்கிறது. காற்றைப் பிளந்து பொறி பறக்கச் செய்ய மீட்டருக்கு முப்பது லட்சம் வோல்ட் போதும். கால்வானி வானத்து மின்னலுக்காகக் கம்பி இழுத்தபோது, அதைவிடச் செறிவான மின்புலம் அவர் கையிலிருந்த தவளைக் காலுக்குள்ளேயே இருந்தது.

உட்புறமும் வெளிப்புறமும் எதிரெதிர் மின்னூட்டம், எண்ணெய்ப் பசை உறை, வெளித்தூண்டல் திறந்துவிடும் உள்மின்சாரம் என்று அவர் சொன்னவற்றில் விவரங்கள் பிழையானாலும் எலும்புக்கூடு சரியாகவே இருந்தது. கிராதியில் தொங்கிய காலைத் தூண்டியது உலோகங்களின் மின்சாரமே என்று வோல்டா சொன்னதும் சரி. தூண்டப்பட்ட பொருள் தனக்கென மின்சாரம் வைத்திருந்தது என்பதை அவர் காணவில்லை.

இப்போது மீண்டும் போலோன்யாவுக்கு. 1796-இல் பிரெஞ்சுப் படைகள் நகருக்குள் வந்தன. போப்பாண்டவரின் ஆட்சி முடிந்தது. மறு ஆண்டு சிசால்பைன் குடியரசு அறிவிக்கப்பட்டது. கால்வானி ஆழ்ந்த கத்தோலிக்கர். புதிய அரசு கேட்ட உறுதிமொழி தம் நம்பிக்கைக்கு முரணானது என்று கருதினார். அவர் போராடவில்லை, அறிக்கை விடவில்லை, பிறரை மறுக்கத் தூண்டவும் இல்லை. வெறுமனே மறுத்தார். வருமானம் இன்றித் தம் சகோதரர் வீட்டில் போய்த் தங்கினார். குடியரசின் கொள்கைகளில் நமக்கு உவப்பானவை பல உண்டு, பழைய சமய ஆட்சியைவிட அது மேலானது என்று நானும் நினைக்கிறேன். ஆனால், மனத்தில் இல்லாததை வாயால் சொல்லச் சொல்லி ஒரு மகப்பேறு மருத்துவப் பேராசிரியரை வற்புறுத்தியதால் அந்தக் குடியரசுக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஓய்வூதியத்தில் வாழும் எனக்கு, அறுபது வயதில் மாத வருமானத்தை விட்டுக்கொடுப்பது எத்தகையது என்பது மட்டும் நன்றாக விளங்குகிறது.

வோல்டாவை இங்கே எதிர்நாயகனாக்கும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாறி மாறி வந்த ஆட்சிகளோடு அவர் ஒத்துப்போனார் என்பது உண்மை. தவளை இல்லாமலே மின்சாரம் பிறக்கும் என்று நிறுவும் முயற்சியில், வெள்ளித் தகடும் துத்தநாகத் தகடும் உப்புநீரில் நனைத்த அட்டையுமாக அடுக்கி, 1800 மார்ச்சில் லண்டன் ராயல் கழகத்துக்கு எழுதி அறிவித்தார். உலகின் முதல் மின்கல அடுக்கு அது. விலங்கு மின்சாரத்தை மறுத்த அவரே, அந்த அடுக்கை மின்மீனின் உறுப்புக்கு ஒப்பிட்டார் என்பது ஒரு வேடிக்கை. 1801-இல் பாரிசில் நெப்போலியன் முன்னிலையில் அதை இயக்கிக் காட்டித் தங்கப் பதக்கம் பெற்றார். 1810-இல் கோமகன் பட்டமும் வந்தது. இந்த அடுக்கு இல்லையேல் தந்தி இல்லை, மின்வேதியியல் இல்லை. தவளைக் கால்களுக்குச் செலவிட்ட பணத்தால் என்ன பயன் என்று 1790-இல் ஒரு தணிக்கையாளர் கேட்டிருந்தால், கால்வானியாலும் வோல்டாவாலும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

கால்வானியின் மருமகன் அல்தினி, மாமனின் கொள்கையைக் காக்கும் ஆர்வத்தில் 1803-இல் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒருவனின் உடலில் மின்சாரம் பாய்ச்சி முகத்தசைகளைத் துடிக்கவைத்துக் காட்டினார். வாதத்தில் அது ஒன்றையும் நிறுவவில்லை; செத்தவரை எழுப்பும் வித்தை என்று கால்வானியின் பெயரோடு ஒரு திகில் ஒட்டிக்கொண்டது. மேரி ஷெல்லியின் பிராங்கன்ஸ்டைன் பிறந்த சூழலில் அந்தத் திகிலுக்கும் பங்கு உண்டு. நம் வீட்டுக் குழாய்களில் உள்ள ஜி.ஐ. என்ற எழுத்துகளிலும் அவர் பெயர்தான் இருக்கிறது. கால்வனைஸ் செய்த இரும்பு என்பதன் சுருக்கம் அது. உருக்கிய துத்தநாகத்தில் இரும்பை முக்கியெடுக்கும் அந்தத் தொழிலுக்கும் அவர் செய்த ஆய்வுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

நீக்கிய சில மாதங்களில் அரசுக்குச் சங்கடம் உண்டாயிற்று. ஐரோப்பா முழுவதும் அறிந்த ஒருவரை வறுமையில் விட்டிருப்பது குடியரசின் பெயருக்கு அழகல்ல என்று நண்பர்கள் எடுத்துச் சொன்னார்கள். உறுதிமொழி இல்லாமலே அவரைப் பதவியில் மீண்டும் அமர்த்த முடிவாயிற்று. அது நடைமுறைக்கு வருமுன், 1798 டிசம்பர் 4 அன்று கால்வானி இறந்துபோனார். மின்கல அடுக்கு அறிவிக்கப்பட இன்னும் பதினைந்து மாதங்கள் இருந்தன. போலோன்யாவில் அவர் பெயர் தாங்கிய சதுக்கத்தில் இன்று நிற்கும் சிலை 1879-இல் நிறுவப்பட்டது. கையில் ஏந்திய பலகையின்மீதுள்ள தவளைக் கால்களை அது குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் அடக்கம் செய்யப்பட்டது கார்ப்பஸ் டொமினி தேவாலயத்தில், லூசியாவின் அருகில். ஐரோப்பாவில் பல்கலைக்கழகப் பேராசிரியராக அமர்ந்த முதல் பெண்மணிகளில் ஒருவரான இயற்பியலாளர் லாரா பாஸியின் கல்லறையும் அதே தேவாலயத்தில்தான் இருக்கிறது.